சாவி தெரியும், திறக்கத் தெரியாது

மொசாம்பிக் நாட்டில், நகாலா துறைமுகத்துக்குப் பக்கத்தில், துவரை மூட்டை அடுக்கும் குடோன் ஒன்றில் ஸ்டோர் பார்க்கப் போயிருந்தேன். போன மூன்றாம் நாள், காலை ஆறரை மணி. வாசலில் லாரி நிற்கிறது. ஆபீஸ் அறை பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கு இருந்த பெரியவரிடம் போய் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: "ஷாவ்." சாவி.

அவர் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்: "கெர்? தெய்ங்? பெர்தேவ்?" வேண்டுமா, கையில் இருக்கிறதா, தொலைத்துவிட்டீர்களா? மூன்றும் வினைச்சொல். மூன்றும் எனக்குத் தெரியாது. மூன்றாவதற்குத் தலையாட்டிவிட்டேன். சாவி தொலைந்துபோனது என்று எடுத்துக்கொண்டு அவர் மேலாளருக்குப் போன் போட்டார். மேலாளர் ஆள் அனுப்ப, ரம்பத்தால் பூட்டை அறுத்தார்கள். சாவியை வைத்திருந்த கணக்குப்பிள்ளை ஏழு மணிக்கு வழக்கம்போல வந்தவர், அறுந்து கிடந்த பூட்டைப் பார்த்துத் திகைத்து நின்றார். பூட்டின் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் பெயர்ச்சொல் பக்கமே போகவில்லை. வினையை மட்டும் பிடித்தேன். வெளிநாட்டு வேலைக்காகவோ, சென்னையில் இருந்தபடி பிரேசில் வாடிக்கையாளருக்கு வேலை செய்வதற்காகவோ போர்த்துகீசியம் படிக்க நினைக்கும் காஞ்சிபுரம் பக்கத்து எங்கள் கூரத்துப் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்கிறேன். வினையிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்; தமிழிலிருந்து நேரே போங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு ஏன் கவலைப்பட வேண்டாம் என்கிறேன்? பாதி வீட்டிலேயே இருக்கிறது. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, பொத்தான், துவாலை, அன்னாசி, பேனா, மேஸ்திரி, ஆயா எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போனவை. இலங்கைத் தமிழர்களிடம் இன்னும் அதிகம்: பாண், கதிரை, சப்பாத்து, குசினி, அலவாங்கு. பிரேசிலில் கட்டட வேலைக்குப் போனால் அங்கேயும் மேஸ்திரிக்கு 'மெஸ்த்ரி' என்றே பெயர். ஆனால் இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஒரு வினைகூட இல்லை. பொருளை வாங்கிக்கொண்ட தமிழ், செயலை வாங்கவில்லை. 'ஏலம்' அவர்களுடையது, 'விடு' நம்முடையது. இஸ்திரி என்ற சொல் 'இஷ்திரார்' என்ற போர்த்துகீசிய வினையிலிருந்து வந்தது என்பார்கள். இழுத்து நீட்டுவது என்று பொருள். அந்த வினையையும் நாம் பெயராக்கி, 'போடு' என்ற நம் வினையை ஒட்டித்தான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறோம். நானூறு ஐந்நூறு வருடப் பழக்கத்தில் வந்து சேராத வினைகளை நாமேதான் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: போர்த்துகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டி, கினி-பிசாவு, சாவோ தோமே, கிழக்குத் திமோர் ஆகிய நாடுகளில் இது ஆட்சிமொழி. 2022 கணக்கெடுப்பில் பிரேசிலின் மக்கள்தொகை மட்டும் 20 கோடியைத் தாண்டியது. நம் சாம்பாருக்கு வரும் துவரையில் ஒரு பங்கு மொசாம்பிக்கில் விளைகிறது. அதை வாங்குவதற்கு 2016-ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. துவரையோடு ஸ்டோர் ஆள், கிரேடிங் ஆள், கணக்கு ஆள், மெக்கானிக் என்று வேலைகளும் வரும். அங்கே இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஆபீஸில் இரண்டு பேர் இருப்பார்கள். குடோனில் ஒருவரும் இருக்க மாட்டார்.

இனி வினைகளுக்கு வருவோம்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் முதல் வாரத்திலேயே திணறும் இடம் 'சேர்', 'இஷ்தார்' என்ற இரண்டு வினைகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஈஸ்' ஒன்றுதான், எனவே எதை எங்கே போடுவது என்று பக்கம் பக்கமாக விதி எழுதுவார்கள். தமிழ் தெரிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடிக்கலாம். "நான் எலக்ட்ரீஷியன்", "நான் கூரத்துக்காரன்", "அவர் நல்லவர்": தமிழில் இந்த வாக்கியங்களில் வினையே இல்லை. அங்கெல்லாம் 'சேர்' வரும்: நான் என்றால் 'சோ', அவர் என்றால் 'எ'. "களைப்பாக இருக்கிறேன்", "வீட்டில் இருக்கிறேன்", "அவர் நன்றாக இருக்கிறார்": தமிழில் 'இரு' வந்துவிட்டது. அங்கே 'இஷ்தார்' வரும்: 'இஷ்தோ', 'இஷ்தா'. தமிழில் வினை இல்லாவிட்டால் சேர், 'இரு' வந்தால் இஷ்தார். பத்துக்கு எட்டு இடத்தில் இது கைகொடுக்கும். மிச்சம் இரண்டை மனப்பாடம் செய்துவிடுங்கள். "வீடு பெரியதாக இருக்கிறது" என்பதுபோல் ஒன்றின் நிலையான தன்மையைச் சொன்னால், தமிழில் 'இரு' இருந்தாலும் அங்கே 'எ'தான். "பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது?" என்பதுபோல் இடம்விட்டு நகராத ஒன்றைக் கேட்க 'ஃபிகார்' என்று தனி வினை உண்டு: "ஒந்த் ஃபிகா?"

அடுத்தது 'தேர்'. உடைமையைச் சொல்லும் வினை. நாம் "எனக்கு ரெண்டு பிள்ளை", "என்கிட்ட சாவி இருக்கு" என்போம். நம் கணக்கில் பிள்ளையும் சாவியும்தான் இருக்கின்றன. அவர்கள் கணக்கில் 'நான்' வைத்திருக்கிறேன்: 'தெஞு'. இது ஒன்றைத்தான் தலைகீழாகப் பழக வேண்டும். பசிகூட அவர்களுக்கு வைத்திருக்கிற பொருள்தான். எனக்குப் பசிக்கிறது என்பதற்கு "தெஞு ஃபோம்". வயது 30 என்றால் 30 வருடத்தை வைத்திருக்கிறேன் என்பார்கள். "போக வேண்டும்" என்பதும் இதே வினையில்தான் வரும்: "தெஞு க இர்." ஒரு வினையில் உடைமை, பசி, தூக்கம், வயது, கட்டாயம் ஐந்தும் அடங்குகிறது. ஒரு வாரம் முழுக்க இதற்கே கொடுத்தாலும் தகும்.

'இர்' என்றால் போவது. நான் போகிறேன் என்பது 'வோ'. இங்கே தமிழருக்குப் பெரிய வரம் ஒன்று இருக்கிறது. "வேலை செய்யப் போகிறேன்" என்று நாம் எதிர்காலம் சொல்வதைப் போலவே அவர்களும் "வோ த்ரபல்யார்" என்பார்கள். 'த்ரபல்யார்' வேலை செய்ய, 'வோ' போகிறேன். எதிர்கால விகுதி எதுவும் படிக்காமலே, எந்த வினையின் முன்னும் 'வோ' போட்டு நாளைய பேச்சைப் பேசிவிடலாம். "வேலை செய்துகொண்டிருக்கிறேன்" என்பதும் அப்படித்தான். பிரேசிலில் "இஸ்தோ த்ரபல்யாந்து", போர்த்துகலிலும் மொசாம்பிக்கிலும் "இஷ்தோ அ த்ரபல்யார்". இரண்டிலும் நம் 'இரு' நிற்கிறது பாருங்கள்.

தெரியும், முடியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'கேன்' போதும் என்று பழகியவர்கள் இங்கே தவறு செய்வார்கள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்றால் 'சேய்', இன்றைக்கு ஓட்ட முடியாது என்றால் 'நௌங் பொஸு'. நாம் பிறந்ததிலிருந்து பிரித்துச் சொல்லும் வேறுபாடுதான் இது. "உள்ளே வரலாமா?" என்ற அனுமதிக் கேள்வியும் அதே 'பொஸு'தான்: "பொஸு எந்த்ரார்?" ஃபோர்க்லிஃப்ட் சாவியை நீட்டுகிற சூப்பர்வைசரிடம் எது தெரியாது, எது இப்போது முடியாது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தன் கையையும் காலையும் காப்பாற்றிக்கொள்வார்.

விகுதிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். பேசுகிறேன் 'ஃபாலு', பேசுகிறார் 'ஃபாலா', பேசுகிறோம் 'ஃபலாமுஷ்', பேசுகிறார்கள் 'ஃபாலௌங்'. ஏன், ஆர், ஓம், ஆர்கள் என்று வினையின் வாலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்கிறவர்கள் நாம். 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டு "வர்றேன்" என்பதுபோல அவர்களும் விட்டுவிடுவார்கள். 'நீ' என்பதற்கான வடிவத்தை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். மேலதிகாரியை நேரில் வைத்துக்கொண்டே "சார் எப்ப வருவாரு?" என்று நாம் கேட்பதில்லையா, அதே மரியாதைதான் அங்கும்: "உ ஸென்யோர் ஜா கொமேவ்?" ஐயா சாப்பிட்டாரா? 'ஸென்யோர்' போட்டால் வினை தானாகப் படர்க்கைக்குப் போய்விடும். மேலே சொன்ன நான்கு வடிவத்தில் நான், அவர், நாம் என்ற மூன்றைக் கற்றால் வேலை நடக்கும். கேட்கும்போதும் இதே நயம் வேண்டும். 'கெரு' என்றால் வேண்டும். 'கெரியா' என்றால் கிடைத்தால் நல்லது என்ற தொனி. கேன்டீனிலும் கவுன்டரிலும் இரண்டாவதையே பழகுங்கள்.

ஒலிக்கு ஒரு குறிப்பு. போர்த்துகீசியத்தில் மூக்கொலி அதிகம், அதற்காகப் பயிற்சி வீடியோக்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். தேவையில்லை. பேச்சில் 'பணம்', 'மரம்' என்று சொல்லும்போது கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது, உயிரொலி மூக்குவழி போய்விடும். 'பாம்பு' என்கையில் மூடுகிற மாதிரி அங்கே மூடுவதில்லை. அந்தக் கடைசி ஒலியை எடுத்து வையுங்கள். நல்லது என்பதற்கான 'போம்' வந்துவிடும். 'தெஞு', 'அமஞா' போன்றவற்றின் ஞ நம் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்தில் ப ஒன்று, க ஒன்று, த ஒன்று. அவர்களுக்கு ஒவ்வொன்றும் இரண்டு. ஆகவே நோட்டில் எழுதும்போது அவர்களுடைய எழுத்திலேயே எழுதி, காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். நான் இங்கே தமிழில் எழுதியிருப்பது வாசலைக் காட்டுவதற்கு மட்டும்.

இந்த நேர்வழி புதிதல்ல. 1554-ல் லிஸ்பனில் தமிழும் போர்த்துகீசியமும் வரிக்கு வரி சேர்ந்த ஒரு சிறு புத்தகம் ரோமன் எழுத்தில் அச்சானது. அதில் உழைத்தவர்களில் மூன்று தமிழர்கள் உண்டு. அதற்குச் சில வருடம் முன்பே, 1549 வாக்கில், முத்துக்குளித்துறையில் இருந்த அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழ் இலக்கணத்தைப் போர்த்துகீசியத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். தமிழ் வினைகளைக் காலவாரியாக விரித்து, பக்கத்தில் தம் மொழியில் பொருள் எழுதிய நோட்டு அது. புன்னைக்காயல் பக்கத்து ஆட்களிடம் பேசிப் பேசிக் கற்றவர். பின்னர் 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் கொண்டுவந்ததுதான். 1679-ல் அம்பழக்காட்டில் புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துகீசிய அகராதி வந்தது. நடுவில் ஆங்கிலம் இல்லாமலே இரண்டு மொழிக்காரர்களும் நூற்றாண்டுக் கணக்கில் புழங்கியிருக்கிறார்கள்.

எந்த வினையை எடுப்பது என்பதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கூரத்தில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. மன்னன் புகழ் வடமொழியில் ஓடும். எல்லை எது, நீர் எங்கிருந்து வரும், யார் பங்கு என்ன என்ற விவரத்துக்கு வந்ததும் தமிழாகிவிடும். மண்டபத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு பங்கு, பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். வேலை நடக்க வேண்டிய இடத்தில் வேலை செய்கிறவர்களின் மொழி. நீங்களும் பாடப்புத்தகத்தில் வரும் 'நடனமாடு', 'பயணம் செய்' எல்லாவற்றையும் தள்ளிவைத்து, உங்கள் வேலையில் ஒரு நாளில் நீங்கள் செய்வதை எழுதிப் பாருங்கள். குடோன் ஆளென்றால் திற, மூடு, எண்ணு, தூக்கு, கொண்டுவா, கொண்டுபோ, கையெழுத்துப் போடு, காத்திரு. அப்ரிர், ஃபெஷார், கொந்தார், லெவந்தார், த்ரஸேர், லெவார், அஸினார், இஷ்பெரார்.

இந்தப் பட்டியலில் இல்லாத 'ஃபல்தார்' என்ற ஒன்றுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். குறைவது என்று பொருள். "ஃபால்தா உங் ஸாகு": ஒரு மூட்டை குறைகிறது. நாம் சொல்கிற மாதிரியே மூட்டைதான் குறைகிறது. யார் எடுத்தது, யார் தொலைத்தது என்ற பழி அந்த வாக்கியத்தில் கிடையாது. இந்த வினை தெரியாத காலத்தில், குறைந்த மூட்டைக்காக லோடுமேனைப் பார்த்து விரலை நீட்டினேன். அவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வினை வந்த பிறகு அதே மனிதர் என்னோடு சேர்ந்து அடுக்கைத் திரும்ப எண்ணினார், மூட்டை பின்வரிசையில் இருந்தது. இதோடு இரண்டு இறந்தகாலங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஷெகோ' வந்து சேர்ந்தது, 'அகபோ' தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் பாதிப் பேச்சு இந்த மூன்றில் முடிந்துவிடும். மெஷின் பக்கம் நிற்பவர்கள் முதல் நாளே கற்க வேண்டியது 'லிகார்', 'தெஷ்லிகார்': ஆன் செய், ஆஃப் செய். முன்னால் வரும் 'தெஷ்' என்ற ஒரு சிறு ஒலியில்தான் வித்தியாசம். இரைச்சலில் அது காதில் விழாது. சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்.

இறந்தகாலத்தில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. 'ஃபுய்' என்றால் போனேன் என்றும் பொருள், இருந்தேன் என்றும் பொருள். இர், சேர் இரண்டுக்கும் ஒரே வடிவம். வாக்கியத்தின் மிச்சம் சொல்லிவிடும், விட்டுத்தள்ளுங்கள்.

எப்படிப் படிப்பது? ராமானுஜரோடு காஷ்மீர் போன கூரத்தாழ்வான், போதாயன விருத்தி என்ற நூலை இரவில் வாசித்து நெஞ்சில் ஏற்றிக்கொண்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்லும். நம் ஊர்க்காரர் அவர். ஷிஃப்ட் வேலைக்குப் போகிற நமக்கும் இரவுதான் வாய்த்தது. காஞ்சிபுரம் வந்து கம்பெனி பஸ் பிடிக்கிறவருக்குப் போக வர ஒன்றரை இரண்டு மணி நேரம் சும்மா போகிறது. காலையில் காதில் கேளுங்கள், இரவில் வாயால் சொல்லுங்கள். வாரத்துக்கு ஆறு வினை போதும். ஒவ்வொன்றையும் நான், அவர், நாம் மூன்றிலும், இன்று, நேற்று, நாளை மூன்றிலும் சொல்லிப் பாருங்கள். படுக்கும் முன் அன்றைய நாளைப் பத்து வாக்கியத்தில் சத்தமாகச் சொல்லுங்கள்: எழுந்தேன், குளித்தேன், பஸ் வரவில்லை, காத்திருந்தேன், சாப்பிட்டேன். பெயர் தெரியாவிட்டால் தமிழ்ப் பெயரையே போடுங்கள். "கொமி இட்லி" என்று சொல்லத் தயங்க வேண்டாம். வினை சரியாக இருந்தால் எந்த ஊரிலும் புரிந்துகொள்வார்கள். எனக்கு ஆறு மாதத்தில் நூற்றைம்பது வினை வந்தது. குடோனை நடத்த அது போதுமாக இருந்தது. நகாலா இருக்கிற நம்பூலா பக்கத்தில் பலருக்குத் தாய்மொழி மகுவா. போர்த்துகீசியம் அவர்களும் பள்ளியில் கற்றதுதான். ஆகவே பொறுமையாகத் திருத்துவார்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் போர்த்துகலுக்கு 'சிப்லே' தேர்வு. ஏ2 நிலை, லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மையம் நடத்துவது. பிரேசிலுக்கு 'செல்பி-பிராஸ்', அது இடைநிலையிலிருந்துதான் தொடங்கும், அவசரப்பட்டு எழுத வேண்டாம். நேரில் படிக்க கோவாவில் வசதி உண்டு: பனாஜியில் கமோயிஸ் மையம், பட்டப்படிப்புக்கு கோவா பல்கலைக்கழகம். படிக்கத் தொடங்கும்போதே எந்த நாட்டுக்கு என்று முடிவு செய்துவிடுங்கள். பிரேசில் உச்சரிப்பைக் கேட்டுப் பழகிய காது லிஸ்பனில் ஒரு மாதம் தடுமாறும்.

கடைசியாக, ஒப்பந்தக் காகிதம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றாலும் சரி. ஏஜென்ட் நீட்டுகிற போர்த்துகீசிய ஒப்பந்தத்தில் எல்லாச் சொல்லும் புரிய வேண்டியதில்லை. இரண்டு வினையைக் கண்டுபிடித்தால் போதும். 'தெவ்' என்றால் செய்தாக வேண்டும். 'பொத்' என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். சட்டத் தமிழில் 'வேண்டும்', 'லாம்' போல. சில காகிதங்களில் 'தெவெரா', 'பொதெரா' என்று இருக்கும், அதே ஜோடிதான். என் முதல் ஒப்பந்தத்தில் முதலாளி தங்குமிடம் 'தரலாம்' என்றிருந்தது. நான் 'தருவார்' என்று வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் வாடகையை நானே கட்டினேன். என்னை அனுப்பியவரிடம் கேட்டபோது அந்த வரியைக் காட்டினார். அவர் காட்டியது சரிதான்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, உங்களுக்குச் சாதகமான ஒவ்வொரு வரியிலும் வினையைத் தேடி வட்டம் போடுங்கள். சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட், மருத்துவம். எங்கெல்லாம் 'பொத்' இருக்கிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: "கெய்ங் பாகா?" யார் கட்டுவது? மேசைக்கு எதிரே இருப்பவர் வாயால் சொல்கிற பதில் காகிதத்தில் 'தெவ்' ஆகும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.